ஈரத்தின் எடை

சியூ கெங் அரை லிட்டர் தண்ணீரையும் நின்றபடியே மடமடவென்று குடித்துவிட்டுக் காலிப் போத்தலை மேசைமேல் வைத்தபோது, தனபாக்கியத்தின் போத்தலில் இரண்டு விரற்கடைகூடக் குறைந்திருக்கவில்லை. குடிப்பதிலும் முந்திக்கொண்டாள். குடிக்கட்டும், அவளுக்கென்ன, உள்ளே போன தண்ணீர் போக வேண்டிய நேரத்தில் போக வேண்டிய இடத்தில் போகும், சொன்ன பேச்சைக் கேட்கிற உடம்பு. தனபாக்கியத்தின் உடம்பு ஐந்து வருஷமாகச் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. இருமினால் கசிகிறது, தும்மினால் கசிகிறது, அரிசிப் பையைத் தூக்கினால், பஸ் படியிலிருந்து இறங்கினால் கசிகிறது, யாராவது நல்லதாக ஒரு ஜோக் சொல்லிவிட்டால் போச்சு. அதற்காகத்தான் இன்று காலை பினாங்கில் இந்தக் கிளினிக்கின் பின்கட்டு அறைக்கு வந்திருந்தாள். பெண்களுக்குச் சிறுநீர் கசிவதைப் பற்றி ஏதோ ஆய்வாம். தலையில் வெள்ளைத் தூடோங் முக்காடு போட்ட நர்ஸ் மிஸி ஆளுக்கு ஒரு பேடைத் தராசில் நிறுத்து, எடையை அட்டையில் எழுதி, வைத்துக்கொண்டு வரச் சொன்னாள். ஒரு மணி நேரம். கால் மணி உட்கார்ந்து தண்ணீர் குடிக்க வேண்டும், அரை மணி நடக்கவும் படி ஏறவும் வேண்டும், கடைசிக் கால் மணி எழுந்து உட்கார்ந்து, இருமி, குதித்து, குனிந்து, கை கழுவ வேண்டும். நடுவில் கழிவறை கிடையாது. முடிந்ததும் பேடைக் கழற்றி மறுபடி நிறுப்பார்கள், ஏறியிருக்கிற எடைதான் ஈரம். பத்து கிராமுக்கு மேல் ஏறியிருந்தால் பன்னிரண்டு வாரப் பயிற்சியில் இடம், தளர்ந்துபோன தசைகளை இறுக்கிக் கொண்டுவருகிற பயிற்சி. ஏறாவிட்டால் வீட்டுக்குப் போகலாம். மகன் யுகேந்திரனுக்குத் தை மாசம் கல்யாணம், இப்போது புரட்டாசி. விரல்விட்டு எண்ணிப் பார்த்துத்தான் தனபாக்கியம் பேர் கொடுத்திருந்தாள். ஒரே தொழிற்சாலையில் வேலை பார்த்த சியூ கெங்கும் இங்கே வந்து நிற்பாள் என்று யார் கண்டது.

"என்ன தனம், தண்ணியப் பாத்து பயப்படுற? குடி லா," என்றாள் சியூ கெங். சுத்தமான தோட்டத்துத் தமிழ். அவள் அப்பா தோட்டத்து முகப்பில் மளிகைக்கடை வைத்திருந்தவர், இவள் தொழிலாளர் லயத்துப் பிள்ளைகளோடு விளையாடி வளர்ந்தவள், தனபாக்கியத்தின் பேத்திக்கு வராத ழகரம் இவளுக்கு வருகிறது. அதிலும் ஒரு கடுப்பு. "குடிக்கிறேன், எனக்கென்ன அவசரம்," என்று சொல்லி இரண்டு மடக்கு குடித்தாள். காலையில் படிவத்தைப் பூர்த்தி செய்தபோது முதல் கேள்வி பேர், இரண்டாவது வயசு, மூன்றாவது இனம். மலாய், சீனர், இந்தியர், மற்றவர், நாலு கட்டம். ஐம்பத்தேழு வயசுக்குள் இந்தக் கட்டத்தில் எத்தனை தடவை கோடு போட்டிருப்பாள், பள்ளிக்கூடத்துக்கு, வீட்டுக்கு, மகனின் படிப்புக்கு. ஒண்ணுக்குப் போவதற்கும் ஒரு கட்டம் இருக்கும் என்று நினைத்ததில்லை. இதெல்லாம் எதற்கு என்று மிஸியிடம் கேட்டாள். "எந்த இனத்துப் பொம்பளைங்களுக்கு அதிகமா இருக்குன்னு பாக்கறாங்க ஆன்ட்டி," என்று மிஸி மலாயில் சொன்னாள். "வெளிநாட்டுல இனத்துக்கு இனம் வித்தியாசமா வந்திருக்காம். இங்க எப்படின்னு தெரியாது, அதான் நிறுக்கறோம். இருக்கறவங்களும் வேணும், இல்லாதவங்களும் வேணும்." இல்லாதவர்களும் வேண்டும். அந்த இடத்தில்தான் தனபாக்கியத்தின் மனசு மாட்டிக்கொண்டது, முள்ளில் மாட்டின முந்தானை மாதிரி. சியூ கெங் எந்தப் பக்கம் என்று கேட்கவா வேண்டும். வெள்ளைக் கால்சட்டை போட்டுக்கொண்டு வந்திருக்கிறாள். இப்படி ஒரு சோதனைக்கு, பளபளவென்று வெள்ளைக் கால்சட்டை. இல்லாதவள் என்று காட்டத்தான் வந்திருக்கிறாள், காட்டட்டும்.

நடக்கச் சொன்னார்கள். கிளினிக்கின் நீளமான நடைபாதையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் இரண்டு பேரும் சேர்ந்து நடந்தார்கள், பிறகு மாடிப்படி, ஏறி இறங்கி, ஏறி இறங்கி. சியூ கெங் கைப்பிடியைத் தொடாமல் ஏறினாள். தனபாக்கியம் ஒவ்வொரு படிக்கும் தொடையை இறுக்கிக்கொண்டு ஏறினாள், கறுப்புப் பாவாடை, கறுப்புச் சட்டை, ஐந்து வருஷமாக அவள் அலமாரியில் கறுப்பும் கருநீலமும் தவிர வேறு நிறம் கிடையாது, கேட்பவர்களிடம் கறுப்புதான் எனக்கு எடுப்பாக இருக்கிறது என்பாள். முனியாண்டிகூட ஒரு நாள், அவள் புருஷன்தான், பூங்காவில் விசிறியை வைத்துக்கொண்டு ஆடுகிற சீனக் கூட்டத்தைப் பார்த்து, "அந்தம்மா இந்த வயசுலயும் எப்படி துள்ளுது பாரு, நீ சோபாவ விட்டு எந்திரிக்கவே மந்திரம் சொல்லணும்," என்றான். அந்தம்மா என்றது சியூ கெங்கை. அன்று அவனுக்கு வைத்த மீன் குழம்பில் வேண்டுமென்றே உப்பை அள்ளிப் போட்டாள், அவன் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டது இன்னும் எரிச்சல். பிறவியிலேயே எலும்பு வேறாக இருக்குமோ. இடுப்பெலும்பு. இல்லை, பிரசவத்துக்குப் பிறகு அவர்கள் முப்பது நாள் இஞ்சியும் நல்லெண்ணெயும் போட்டுக் கோழி சமைத்துச் சாப்பிடுவார்களே, அதற்கென்று ஒரு ஆளை வீட்டோடு வைத்து, அதுவாக இருக்குமோ. நமக்கும்தான் மாமியார் பூண்டும் பெருங்காயமும் கொடுத்து, வயிற்றில் துணியை இறுக்கிக் கட்டி, மூச்சுவிட முடியாமல் ஒரு மாசம் கிடத்தினாள். யுகேந்திரன் நாலரைக் கிலோ, அவனால்தான் என்று சொல்லலாம். ஆனால் சியூ கெங் பெற்றதும் ஒன்றும் பூனைக்குட்டி இல்லை. அவளுக்கும் மூன்று, இவளுக்கும் மூன்று. அவளுக்கும் ஐம்பத்தேழு, இவளுக்கும் ஐம்பத்தேழு. எதைக் கழித்துப் பார்த்தாலும் மிச்சம் நிற்பது அந்த ஒரு கட்டம்தான்.

இரண்டு பேரும் வேலை பார்த்தது ஒரே எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலை, ஒரே லைன், பக்கத்துப் பக்கத்து ஸ்டூல், இருபத்திரண்டு வருஷம். சில்லுகளைப் பூதக்கண்ணாடிக்குக் கீழே வைத்து, கால் வளைந்திருக்கிறதா, கீறல் இருக்கிறதா, ஒரு துளி எடை கூடவா குறையவா என்று பார்க்கிற வேலை. நாற்பது பெண்களுக்கு இரண்டு சிவப்பு டேக், சூப்பர்வைசர் மேசைப் பக்கத்து ஆணியில் தொங்கும். டேக்கை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டுதான் கழிவறைக்குப் போக வேண்டும். இரண்டும் வெளியே போயிருந்தால் வருகிறவரை அடக்கிக்கொள்ள வேண்டியதுதான். எல்லாரும் அடக்கினார்கள், மலாய்க்காரி, சீனத்தி, தமிழச்சி, அடக்குவதற்கு மட்டும் யாரும் கட்டம் போட்டுக் கேட்கவில்லை. அந்த ஒரு நாள். நினைக்கக் கூடாது என்று நினைக்கிறபோதெல்லாம் அந்த நாள்தான் முன்னால் வந்து நிற்கிறது. யுகேந்திரன் வயிற்றில் ஏழு மாசம். ஒரு டேக் ஏற்கெனவே வெளியே. இன்னொன்றை எடுக்க எழுந்தவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்வதற்குள் சியூ கெங் ஓடிப்போய் எடுத்துவிட்டாள். ஒரு வார்த்தை இல்லை, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இரண்டு நிமிஷத்தில் வருவாள் என்று இருந்தால் பத்து நிமிஷம், பன்னிரண்டு நிமிஷம், சுவரில் கடிகாரம். பதின்மூன்றாவது நிமிஷம் தனபாக்கியத்துக்கு ஸ்டூலிலேயே போய்விட்டது. சூடாக, நிதானமாக, யாருக்கும் தெரியாமல். பணி முடிகிறவரை எழுந்திருக்கவே இல்லை. சியூ கெங் அப்போது இடுப்பில் ஜாக்கெட்டைச் சுற்றிக் கட்டிக்கொண்டு சினிமாக்காரி மாதிரி ஸ்டைலாகத் திரும்பி வந்து உட்கார்ந்தாள், இவள் முகத்தைப் பார்க்கவே இல்லை. உள்ளே என்ன, கண்ணாடி பார்த்துக்கொண்டிருந்தாயா, உதட்டுச் சாயம் பூசிக்கொண்டிருந்தாயா என்று கேட்க முப்பது வருஷமாக நாக்கு துடிக்கிறது. கேட்கவில்லை. தீபாவளிக்கு முறுக்கு கொடுத்தாள், சீனப் புத்தாண்டுக்கு ஆரஞ்சு வாங்கிக்கொண்டாள், கேட்கவில்லை.

"முட்டி வலிக்குதா? மெதுவா நட," என்றாள் சியூ கெங் மேல்படியில் நின்று. முட்டியாம். எல்லாரிடமும் தனபாக்கியம் அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறாள், கோயிலுக்கு வராததற்கு முட்டி, உறவுக்காரர்கள் பஸ் பிடித்துக் கேமரன் மலைக்குப் போனபோது வராததற்கு முட்டி. கல்யாணத்துக்கு என்ன சொல்வது. மகன் கல்யாணத்துக்கு முட்டி என்று சொல்லி வீட்டில் உட்கார முடியாது. மணவறையில் நிற்க வேண்டும், பெண்ணும் மாப்பிள்ளையும் பாதபூஜை செய்வார்கள், தாம்பாளத்தில் இவளையும் முனியாண்டியையும் ஏற்றி நிறுத்தி, பாதத்தில் பாலையும் தண்ணீரையும் ஊற்றுவார்கள், சளசளவென்று. குழாயில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டாலே இவளுக்குத் தாங்காது. ஐந்நூறு பேர், நாலு பக்கமும் வீடியோ விளக்கு. சம்பந்தி வீட்டில் எடுத்துக் கொடுத்திருக்கிற பட்டுப்புடவை இளநீலம். பாத்திரக் கடையில் நின்றபோது அந்தத் தாம்பாளத்தைக் கையில் வாங்கிப் பார்த்தவள் அப்படியே கீழே வைத்துவிட்டாள், அவ்வளவு பயம், எதில் எந்தத் தண்ணீர் விழும் என்று. முதல் வரிசையில் சியூ கெங் உட்கார்ந்திருப்பாள், சேலை கட்டிக்கொண்டு, அவளுக்குச் சேலையும் பாந்தமாக இருக்கும், கொசுவம் கலையாது. அவள் பார்த்துவிடுவாள். மற்ற நானூற்றுத் தொண்ணூற்றொன்பது பேர் பார்த்தாலும் பரவாயில்லை என்று தோன்றியபோது, இது என்ன புத்தி என்று தனபாக்கியத்துக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

கடைசிக் கால் மணி. நாற்காலியிலிருந்து பத்துத் தடவை எழுந்து உட்காரச் சொன்னாள் மிஸி. நாலாவது தடவையில் தொடங்கிவிட்டது. பிறகு பத்து இருமல், பலமாக இருமணும் ஆன்ட்டி, சும்மா தொண்டையைச் செருமினால் சேராது. இருமினாள். ஒவ்வொரு இருமலுக்கும் உள்ளே ஒரு சின்னச் சூடு இறங்கியது, ஒன்று, இரண்டு, மூன்று. பக்கத்தில் சியூ கெங் வண்டி கிளம்புகிற மாதிரி இருமிவிட்டுச் சிரித்தாள். வாயைத் திறந்து, தொடையில் தட்டி, காலை அகட்டி வைத்துக்கொண்டு. தனபாக்கியம் அப்படிச் சிரித்து எவ்வளவு காலமாயிற்று. சிரிப்பு வந்தால் காலைக் குறுக்கே பின்னிக்கொள்வாள், உதட்டைக் கடிப்பாள், அதற்குள் சிரிப்பு போய்விடும். நின்ற இடத்தில் ஒரு நிமிஷம் ஓடச் சொன்னார்கள், சியூ கெங் ஓடினாள், வெள்ளைக் கால்சட்டை மேலும் கீழும், மேலும் கீழும், ஒரு பொட்டு இல்லை. அதையே பார்த்துக்கொண்டு ஓடியதில் தன் பேட் கனத்துத் தொங்குவதை உணர்ந்தாள். நனையட்டுமே அவளுக்கும், ஒரே ஒரு சொட்டு, மாரியாத்தா, ஒரே ஒரு சொட்டு. நல்ல வேண்டுதல். யாருக்காகச் சாமியிடம் என்ன கேட்கிறோம் என்று ஒரு நிமிஷம் பயம் வந்தது, வந்த வேகத்தில் போய்விட்டது.

கை கழுவும் தொட்டியில் குழாயைத் திறந்துவிட்டு ஒரு நிமிஷம் கையை நீட்டச் சொன்னார்கள், அதில் மிச்சம் இருந்ததும் போயிற்று. பிறகு ஆளுக்கொரு பிளாஸ்டிக் பையைக் கொடுத்து, கழிவறையில் பேடைக் கழற்றி இதில் போட்டு எடுத்து வாங்க என்று மிஸி அனுப்பினாள். கதவைத் தாழிட்டுக் கழற்றிப் பார்த்தால், கையில் குழந்தை மாதிரி கனக்கிறது. பக்கத்து அறையில் சியூ கெங் ஏதோ மெட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். இதை எடுத்துக்கொண்டு போய் அவளுக்கு முன்னால் தராசில் வைப்பது. அங்கே ஒரு பூஜ்யம், இங்கே இது. சீனர் கட்டத்தில் பூஜ்யம், இந்தியர் கட்டத்தில் இது. யாரோ ஒரு டாக்டர் இதைப் பார்த்து, ஆமாம், இவர்களுக்கு இப்படித்தான் என்று எழுதுவார், காரணம் இவளாக இருப்பாள். அவள் சினிமாக்காரி மாதிரி திரும்பி வந்து உட்கார்ந்ததும் இவள் ஸ்டூலில் ஈரமாகவே கிடந்ததும் இனி தராசே சொல்லும். கைப்பைக்குள் எப்போதும் இரண்டு பேட் வைத்திருப்பாள். இது வெள்ளை, அதுவும் வெள்ளை. தை மாசம், பாதபூஜை, இளநீலப் பட்டு, பன்னிரண்டு வாரம் எல்லாம் மனசின் ஒரு ஓரத்தில் நின்று கையைக் கையை ஆட்டின. தனபாக்கியம் அந்தப் பக்கமே திரும்பவில்லை. காய்ந்த பேடை எடுத்து பிளாஸ்டிக் பையில் போட்டாள், நனைந்ததைக் காய்கறிப் பையில் சுற்றி முடிந்து கைப்பைக்கு அடியில் தள்ளினாள், கண்ணாடியில் முகத்தைப் பார்த்துக்கொண்டாள். நல்ல வேளை, முகம் ஒன்றும் சொல்லவில்லை.

மிஸி பையைத் தராசில் வைத்தாள். அட்டையைப் பார்த்தாள், தராசைப் பார்த்தாள், பையை எடுத்து மறுபடி வைத்தாள். "ஆன்ட்டி, போகும்போது முப்பத்தெட்டு கிராம். இப்ப இருபத்தொண்ணு." "நடந்து நடந்து பேட் இளைச்சிடுச்சா?" என்று மெதுவாகக் கேட்டாள். இருபத்திரண்டு வருஷம் ஒரு துளி எடை வித்தியாசத்துக்குச் சில்லுகளைத் தூக்கி எறிந்த தனபாக்கியத்துக்கு, கிளினிக் பேட் தடிமன், தன் பேட் மெல்லிசு என்பது அப்போதுதான் உறைத்தது. காது சூடாகிவிட்டது. மிஸி ஒன்றும் திட்டவில்லை. "இத எழுத முடியாது ஆன்ட்டி. இந்தச் சுற்றுல சேர்க்க முடியாது. அடுத்த சுற்று சித்திரைக்கு மேல வரும்," என்று பேனாவை மூடினாள். சித்திரை. தை போய், கல்யாணம் போய், வீடியோவும் போட்டுப் பார்த்து முடிந்திருக்கும். அடுத்து சியூ கெங்கின் பை. தனபாக்கியம் பூஜ்யத்தைப் பார்க்கப் பிடிக்காமல் சுவரைப் பார்த்தாள். "நாற்பத்தொரு கிராம் ஏறியிருக்கு," என்றாள் மிஸி, "உங்களுக்குப் பயிற்சியில இடம் இருக்கு ஆன்ட்டி."

நாற்பத்தொன்று. தனபாக்கியத்தின் மனசு வெட்கமில்லாமல் இன்னொரு பக்கமாக ஓட ஆரம்பித்தது. ஈரத்தையும் இவளே கொண்டுபோய்விட்டாள். இடத்தையும் இவளே. இத்தனை நேரம் ஒரு சொட்டு இல்லாததற்காக எரிந்த வயிறு இப்போது நாற்பத்தொரு கிராமுக்காக எரிந்தது, அதே வயிறு, அதே எரிச்சல். "நீ எதுக்கு வெள்ளைக் கால்சட்ட போட்டுட்டு வந்த?" என்று கேட்டாள், கேட்க வேண்டியது அது இல்லை என்று தெரிந்தே. "வெள்ளையில நனைஞ்சா தெரியாது லா. கறுப்புலயும் தெரியாது. சாம்பல்லயும் வெளிர் நீலத்துலயும்தான் தெரியும், உனக்குத் தெரியாதா?" என்றாள் சியூ கெங் சாதாரணமாக. "எனக்கு எப்பலருந்துன்னு நெனக்கிற? பெக்டரியில இருந்தப்பவே. ஒரு நாள் நீ புள்ளத்தாச்சி, நீதான் மொதல்ல எந்திரிச்ச, நான் ஓடிப்போய் டேக்க எடுத்தேன். எடுத்து என்ன, கதவத் தொறக்கறதுக்குள்ள போயிடுச்சு. கால்சட்டய அலசிப் புழிஞ்சு, மேல ஓடுற காத்தாடிக்குக் கீழ பிடிச்சு, அப்புறம் ஜாக்கெட்ட கட்டிக்கிட்டு வந்தேன். உன் மூஞ்சியப் பாக்க முடியல. அன்னைக்கு நீ எப்படி அடக்கின? கல்லு மாதிரி உக்காந்திருந்த. எனக்கு உன் மேல அவ்வளவு பொறாம தெரியுமா, இவளுக்கு மட்டும் எப்படின்னு."

மிஸி அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். கல்லு மாதிரி. பதின்மூன்று நிமிஷம், கடிகாரம், ஸ்டூல், சுவருக்கு அந்தப் பக்கம் இவள் துணி அலசிக்கொண்டு, இந்தப் பக்கம் தான் நனைந்துகொண்டு, ஒருத்தியைப் பார்த்து ஒருத்தி முப்பது வருஷம் வெந்துகொண்டு. தனபாக்கியத்துக்கு அழ வேண்டும் போலவும் அவள் கன்னத்தில் ஒன்று வைக்க வேண்டும் போலவும் இருந்தது. கைப்பையைத் திறந்தாள். சீப்பு, மருந்து மாத்திரை, குடை, அதற்கும் அடியில் முடிச்சுப்போட்ட காய்கறிப் பை. அதை எடுத்து முடிச்சை அவிழ்த்து, இரண்டு பேருக்கும் நடுவில் தராசின்மேல் வைத்தாள். "மிஸி, இதுதான் என்னுடையது. அது நான் கடையில வாங்கினது. இத நிறுங்க." மிஸி அவளையும் பையையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு கையுறையை மாட்டிக்கொண்டு, காய்கறிப் பையிலிருந்து பேடை எடுத்துத் தன் பையில் போட்டு, கிளினிக்கின் தடிமனான பேட்தானா என்று பார்த்து, நிறுத்தாள். முகத்தில் லேசாக ஒரு சிரிப்பு ஓடியது. "ஐம்பத்தெட்டு ஏறியிருக்கு," என்று சொல்லிப் பேனாவைத் திறந்தாள்.

"அடேயப்பா. என்னைவிட பதினேழு ஜாஸ்தி," என்று சியூ கெங் தராசின்மேல் குனிந்தாள், நம்ப முடியாதவள் மாதிரி எண்ணை மறுபடி படித்தாள். அந்தக் குரலில் ஒரு துளி, ஒரே ஒரு துளி ஆற்றாமை இருந்ததைத் தனபாக்கியத்தின் காது தவறவிடவில்லை. அது அடிவயிறு வரைக்கும் இனித்தது. முந்திவிட்டோம் என்று நினைத்தாள், எதில் முந்தினோம் என்றும் நினைத்தாள், நினைத்ததும் சிரிப்பு வந்துவிட்டது. பழக்கத்தில் கால்கள் குறுக்கே பின்னிக்கொள்ளப் போயின. பின்னவிடாமல் நிறுத்தி, காலை அகட்டி வைத்து, வாயைத் திறந்து சிரித்தாள். கசிந்தது. கசியட்டும், கறுப்புப் பாவாடைதானே.